இரண்டாம் எண் கயிறு

எங்கள் ஊர் துறைமுகக் கூடத்தில் ஒரு சிறு குழு இருக்கிறது. வெளியிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மூத்தவர்களைக் கேட்டார்கள். தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்ததில் என் கைக்கு நியோலேயின் பெயர் வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், தரவில்லை.

துறைமுக அலுவலகத்தில் நாற்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். எந்தப் படகு எப்போது வந்தது, எத்தனை பெட்டி மீன் இறங்கியது, கடல் ஏற்றம் எத்தனை அடி, மழை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி எழுதியே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் மழைமானியை விடவில்லை. என் குறிப்பேடுகளில் பொய் கிடையாது. ஆகவே இதையும் உள்ளபடியே எழுதுகிறேன். அந்தப் பெண் மேல் எனக்குப் பொறாமை. அது தொடங்கிய தேதிகூட என்னிடம் இருக்கிறது. 2016 பிப்ரவரி 11, வியாழக்கிழமை. தென்மேற்குக் காற்று, மழை 6.2 மி.மீ.

நியோலே லிதுவேனியாக்காரி. 2015 மார்ச் 2, திங்கள்கிழமை, பிற்பகல் 3.40 பேருந்தில் வந்து இறங்கினாள். வடகிழக்குக் காற்று, ஆலங்கட்டி. அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு பெட்டி, தோளில் ஒரு பை, கையில் துணியில் சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்று. அது ரொட்டி என்று பிறகு தெரிந்தது. ரை தானியத்தில் சுட்ட, நான்கு கிலோ எடையுள்ள கறுப்பு ரொட்டி. ஸ்காட்லாந்தில் ரொட்டி கிடைக்காது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது தீர்ந்ததும் எங்கள் கடையில் வெட்டி அடுக்கி விற்கும் வெள்ளை ரொட்டியை வாங்கிப் பார்த்தாள். மறுநாள் கடைக்கார மேவிஸிடமே போய், "இது ரொட்டி இல்ல, பஞ்சு. காயத்துல வச்சுக் கட்டலாம்" என்றாள்.

மேவிஸ் அதை ஒரு வாரம் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அதையே நான் சொல்லியிருந்தால் என்னோடு மூன்று மாதம் பேசியிருக்க மாட்டாள்.

நியோலே மீன் ஆலையில் வேலை பார்த்தாள். காலை ஆறு மணிக்கு ரப்பர் பூட்ஸும் நீல ஏப்ரனுமாகத் தெருவில் இறங்கினால் பகல் இரண்டரைக்குத் திரும்புவாள். ஹேடாக் மீனைப் பிளந்து முள் நீக்கித் துண்டு போடுவது வேலை. நிமிடத்துக்கு ஏழு மீன். நான் ஆலையின் ஜன்னலுக்கு வெளியே நின்று கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்களில் அதிக வேகம் ஆறு. ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தாள். நார்வேயில் கட்டிக் கொடுத்திருந்த மகளுக்கு ஒரு குழந்தை பிறக்க இருந்தது, அதற்குள் கொஞ்சம் கையில் சேர்க்க வேண்டும் என்றாள். குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகிறது. அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

பழைய வலைக் கிடங்கின் மாடியில் அவளுக்கு ஓர் அறை கிடைத்தது. பதினான்கு கல் படி. ஜன்னலுக்கு வெளியே மீன் பெட்டிகளில் மண் போட்டுச் சதகுப்பைக் கீரை வளர்த்தாள். கடல் காற்றில் எதுவும் வளராது என்று நான்தான் அவளிடம் சொன்னேன். வளர்ந்தது. அந்தக் கிடங்குக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த அடுத்த வீடு கில்பர்ட் ஃப்ளெட்டின் வீடு. தொல்லை அங்கேதான்.

கில்பர்ட் என் நண்பன். 1943 ஆகஸ்டில், ஐந்து வயதில், எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு அவன் படகுக்குப் போனான், நான் அலுவலகத்துக்குப் போனேன். அவன் படகு வந்து சேரும் நேரத்தை முப்பத்திரண்டு வருடம் நான்தான் எழுதினேன். எனக்கு மணமாகவில்லை. அவன் மனைவி ஜெசி 2008 அக்டோபரில் இறந்தாள். அடுத்த வாரமே, நவம்பர் 6, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் செய்து ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு அடுத்த வியாழனும் போனேன். அப்படியே பழக்கமாகிவிட்டது. 2016 பிப்ரவரி 11க்கு முன்பு 379 வியாழக்கிழமைகள். அவற்றில் இரண்டு தவறின. ஒன்று எனக்குக் காய்ச்சல், மற்றது 2010 டிசம்பர் 2 அன்று கதவு உயரத்துக்குப் பனி. மீதி 377.

378ஆவது தடவை சட்டியோடு போய்க் கதவைத் திறந்தேன். வேறு வாசனை. மேசையில் தோலோடு அவித்த உருளைக்கிழங்கு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன், அதன் மேல் வட்டமாக அரிந்த வெங்காயம், துருவிய பீட்ரூட். கில்பர்ட் முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் சிறு வயதில் ஹெர்ரிங்கும் கிழங்கும் அப்படித்தான் சாப்பிடுவோம்.

"வாடா ஹெக்டர், உக்காரு! இதப் பாரு. எங்கம்மா போனதுக்கப்புறம் இப்பதான்டா இது வாயில படுது."

"நான் கறி கொண்டாந்திருக்கேன்."

"அடுப்பு மேல வை. நாளைக்குச் சாப்பிட்டுக்கறேன்."

நாளைக்கு.

"யாரு குடுத்தா?" என்றேன்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. நம்ம பசங்க கரையில கடல்காக்காவுக்கு வீசறாங்கல்ல, அந்த ஹெர்ரிங்க செப்டம்பர்லயே வாளி வாளியாக் கேட்டு வாங்கி உப்புல போட்டு வச்சிருக்கா. காக்காவுக்குப் போடறோம்டா நாம! மூளை கெட்ட ஊரு."

"உப்பு ஜாஸ்தியா இருக்குமே. உனக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அவர் வந்தா அவருக்கும் ஒரு துண்டு வைக்கறேன்."

அப்போது நியோலே ஒரு ஜாடியோடு உள்ளே வந்தாள். கதவைத் தட்டவில்லை. அந்த வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழையும் உரிமை அதுவரை ஊரில் எனக்கு மட்டும் இருந்தது.

"மிஸ்டர் இம்லாக், உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கவா?"

"எனக்கு வயிறு சரியில்ல."

அன்றைய குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: வயிறு நலம்.

அதன் பிறகு வியாழக்கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. ஒரு வாரம் அவள் சூப் கொண்டுவந்தாள், அடுத்த வாரம் என் கறி. பிறகு இரண்டு வாரம் அவள், ஒரு வாரம் நான். மே மாதம் கில்பர்ட் என்னைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னான்.

"செவ்வாய்க்கிழமைக்கு என்னடா குறை?" என்று கேட்டான்.

குறை ஒன்றும் இல்லை. அது வியாழக்கிழமை இல்லை, அவ்வளவுதான்.

பழுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறத்தில் எதையும் வாயில் வைக்காத மனிதன் கில்பர்ட். அந்தக் கோடையில் அவன் இளஞ்சிவப்பு சூப் குடித்தான். புளித்த மோரில் பீட்ரூட்டைத் துருவிப் போட்டு, வெள்ளரிக்காயும் கீரையும் அரிந்து போட்டு, சூடே பண்ணாமல் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். குழந்தைகள் தலைமுடியில் கட்டும் ரிப்பன் நிறம். "நல்லா இருக்குடா, வயிறு குளுகுளுன்னு இருக்கு" என்றான். வெளியே பதினொரு டிகிரி. இந்த ஊரில் வயிறு குளிர வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

கூடத்தில் புதன்கிழமை தோறும் சூப் மதியம் நடக்கும். ஆள் மாற்றி ஆள் சூப் செய்து கொண்டுவருவோம். நான் பார்லி போட்ட ஆட்டுக்கறி சூப் கொண்டுபோவேன், பத்தொன்பது வருடமாக. என் பானையில் எப்போதும் மூன்று கரண்டி மிஞ்சும். யாரும் குறை சொன்னதில்லை. நியோலே முதல் முறை கொண்டுவந்த பானையை மேவிஸ் ரொட்டியால் துடைத்துத் தின்றாள். பஞ்சு ரொட்டியால்.

அந்த வருடம் செப்டம்பரில் காளான். எங்கள் ஆட்கள் யாரும் காட்டுக் காளானைத் தொட மாட்டார்கள். கடையில் வெள்ளையாகப் பெட்டியில் வருவதுதான் காளான், மற்றதெல்லாம் விஷம். இவள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கூடையோடு ஊருக்குத் தெற்கே உள்ள பைன் காட்டுக்குப் போய், குதிரைக் குளம்பு அளவுக்குப் பழுப்பாக எதையோ பறித்து வந்து, நூலில் கோத்துத் தன் ஜன்னலிலும் கில்பர்ட் ஜன்னலிலும் மாலை மாலையாகத் தொங்கவிட்டாள்.

"செத்துடுவ" என்று கில்பர்ட்டிடம் சொன்னேன்.

"நேத்தே தின்னுட்டேன்."

"சில காளான் மூணு நாள் கழிச்சுத்தான் கொல்லும்."

"அப்ப புதன்கிழமை வந்து பாரு. உயிரோட இருந்தா சீட்டு ஆடலாம்."

புதன்கிழமை போனேன். உயிரோடு இருந்தான். சீட்டாட்டத்தில் என்னைத் தோற்கடிக்கவும் செய்தான். அவன் செத்துப்போகவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவள் சொன்னது சரியாகிவிட்டது என்பதில் மகிழ்ச்சி இல்லை. இரண்டையும் தனித்தனி வரியில் குறித்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஃப்ளெட் என்ற குடும்பப் பெயர் பதினான்கு வீட்டில் இருக்கிறது, மேர் என்பது ஒன்பது வீட்டில். ஆளை அடையாளம் சொல்வதற்காக ஒவ்வொருவருக்கும் ஊர் ஒரு பட்டப்பெயர் வைக்கும். நாமாக வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு "மழைமானி" என்ற பெயர் வர முப்பது வருடம் ஆயிற்று. அவளுக்கு எட்டாவது மாதமே "பீட்ரூட்" வந்துவிட்டது.

என் குறிப்பேடுகளும் எனக்குத் துரோகம் செய்தன. ஒருநாள் கில்பர்ட் வந்து, "அவளோட கொள்ளுத்தாத்தா காலத்துல நம்ம பக்கத்து ஹெர்ரிங்தான் பீப்பாயில அங்க வருமாம். நெசமாடா? உன் கிட்டத்தான் பழைய கணக்கெல்லாம் இருக்கே" என்றான். துறைமுகத்தின் பழைய பேரேடுகள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஒரு பக்கம்கூடப் புரட்டாமலே எனக்குப் பதில் தெரியும். 1911ஆம் வருடம் மட்டும் எங்கள் துறையிலிருந்து பால்டிக் கடல் பக்கம் போன ஹெர்ரிங் பீப்பாய்கள் எத்தனை என்பது எனக்கு மனப்பாடம். பார்த்துச் சொல்கிறேன் என்று ஒன்பது நாள் இழுத்தடித்தேன். பிறகு சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இனிக் கயிறு பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது அவரவருக்கு வேண்டியவர்கள்தான். பெட்டியைச் சுற்றி எட்டுக் கயிறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஆள். சாவு நடந்த பிறகு அந்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை போகும். அட்டையில் பெட்டியின் படம், சுற்றிலும் எண்கள், அவரவர் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஒன்றாம் எண் தலைமாடு, மூத்த பிள்ளைக்கு. இரண்டாம் எண் கால்மாடு. பிள்ளைக்கு அடுத்தபடி யார் என்று இறந்தவர் நினைத்தாரோ அவருக்கு. மற்ற எண்கள் இரு பக்கவாட்டிலும் வரும். 1982 முதல் இந்த ஊரில் அந்த அட்டைகளை எழுதுகிறவன் நான். இருநூற்றுத் தொண்ணூற்றாறு சாவுகளில் யார் எந்தக் கயிறு பிடித்தார்கள் என்று என் ஏடு சொல்லும். அண்ணன் தம்பிகள் எண்ணுக்காகப் பேச்சு முறித்துக்கொண்டதை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. தன் பட்டியலை ஒருவர் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். ஆனால் உயிரோடு இருப்பவருக்கு அட்டை எழுதக் கூடாது. எழுதி இன்னொருவர் கையில் கொடுக்கவே கூடாது. அது சாவை வீட்டுக்கு அழைத்து வருவது மாதிரி என்று படகுக்காரர்கள் நம்புகிறார்கள். புதிதாக வருகிற பாதிரியார்களுக்குக்கூட இதை நான்தான் எடுத்துச் சொல்வேன்.

2019 ஆகஸ்டில் கில்பர்ட்டுக்கு இதயம் தகராறு செய்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். செப்டம்பர் 19 அன்று என்னைக் கூப்பிட்டு, "பட்டியல எழுதிடலாம்டா, ஏட்ட எடுத்துட்டு வா" என்றான். நல்ல பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். கால்மாட்டில் நிற்கப் போகிறவன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல வருடமாகவே மனதுக்குள் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"ஒண்ணு, மோரக்" என்றான். அபெர்டீனில் இருக்கும் அவன் மகள். எழுதினேன்.

"மூணு கேலம், நாலு ஃப்ரேசர்." பேரன்கள்.

"ரெண்ட விட்டுட்ட."

"விடலடா, வரேன். ரெண்டு நியோலே."

பேனாவை மேசையில் வைத்தேன். "யாரு?"

"காது கேக்கலியா? பக்கத்து வீட்டுப் பொண்ணு."

"அவ வந்து நாலரை வருஷம்தான் ஆகுது."

"நாலு வருஷம், ஆறு மாசம், பதினேழு நாள்னு சொல்லுவியே. இன்னிக்கு என்ன சுருக்கிட்ட?"

"நான் எத்தனாவது?"

"அஞ்சு. இடுப்புப் பக்கம். நல்ல எடம்டா அது."

"எழுபத்தாறு வருஷம், கில்பர்ட்."

"அதத்தான் நானும் சொல்றேன். எழுபத்தாறு வருஷத்துல உன் வலது தோளு போச்சு. ஜானி மேர் சாவுல கயிறு உன் கையிலேருந்து நழுவி, பெட்டி ஒரு பக்கமாச் சாஞ்சுதே, மறந்துட்டியா? ஜானியோட பொண்டாட்டி அலறினா."

"ஒண்ணரை அங்குலம்தான் சாஞ்சுது."

"சாஞ்சுதா இல்லியா? அந்தப் பொண்ணு கையப் பாத்திருக்கியா? இரும்பு. தலைகீழாக் குழியில எறங்க எனக்கு ஆசை இல்லடா."

"கைதான் காரணமா?"

கில்பர்ட் ஜன்னல் பக்கம் பார்த்தான். "அவ தினம் சாயங்காலம் எட்டிப் பாத்து, சாப்பிட்டீங்களா, மூச்சு வாங்குதான்னு கேக்கறா. நீ வந்தா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்ற."

நான் எழுதினேன். அவன் சொன்னபடியே எழுதினேன். எழுத்து கோணவில்லை.

ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். அட்டைக் கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, மேலே கில்பர்ட் ஃப்ளெட் என்று எழுதி, இரண்டாம் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே நியோலேயின் பெயரை எழுதினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அவள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, அதை எடுத்துக்கொண்டு பதினான்கு படி ஏறினேன். வழக்கத்தை அவளுக்கு முன்கூட்டி விளக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அட்டையைப் பார்த்ததும் மிரண்டுபோய், எனக்கு வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்ற ஆசையில்தான் போனேன்.

நியோலே பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சிவப்பு.

"வாங்க மிஸ்டர் இம்லாக். வயிறு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. இத உன்கிட்ட குடுக்கணும்."

அவள் அட்டையை விரல் நுனியால் வாங்கினாள். அவளுக்கு அது புரியாது, உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் என் கணக்குப் பிசகியது. அதற்கு முந்தைய வருடம் ஆலையில் அவள் பக்கத்து மேசைக்காரிக்கு இப்படி ஓர் அட்டை தபாலில் வந்திருந்ததாம். அது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"எப்ப?" என்றாள். "காலைல நான் போறப்ப நல்லா இருந்தாரே. எப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெறுங்காலோடு படியில் இறங்கி ஓடிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கில்பர்ட் சமையலறை நாற்காலியில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தான். நியோலே அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் மொழியில் ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவன் கன்னம் இரண்டும் சிவப்பு.

"என்னாச்சு புள்ள? கையில ரத்தமா?"

"பீட்ரூட்" என்றாள். சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். அட்டை மேசையில் கிடந்தது.

கில்பர்ட் அட்டையைப் பார்த்தான். பிறகு கதவருகே நின்ற என்னைப் பார்த்தான். கையெழுத்தைக் கண்டதும் ஆள் யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"நான் இன்னும் சாவலியேடா!"

"முன்னாடியே தெரிஞ்சா அவளுக்குப் பழகிக்க வசதியா இருக்குமேன்னு..."

"உசுரோட இருக்கறவனுக்கு அட்டை எழுதிட்ட! நீ! ஊருக்கெல்லாம் சட்டம் பேசற நீ!" கையை நீட்டி அடுப்பின் இரும்புக் கதவைத் தொட்டான். கெட்டது காதில் விழுந்தால் படகுக்காரர்கள் இரும்பைத் தொடுவார்கள். "சீக்கிரம் அஞ்ச விட்டு ரெண்டுக்கு வந்துரலாம்னு பாத்தியா? இல்ல, என்ன சீக்கிரம் அனுப்பலாம்னு பாத்தியா?"

நியோலே ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிவப்பாயிற்று.

"இதுல எனக்கு ரெண்டாம் நம்பரா? ரெண்டுன்னா என்ன?"

கில்பர்ட் செய்தித்தாளை மடித்தான். இப்படிப் பேச அவனுக்கு வராது. "ரெண்டுன்னா... கால்மாடு. புள்ளைக்கு அடுத்தது. சொந்தம் மாதிரின்னு வச்சுக்கயேன்."

அவள் தலையை ஆட்டினாள். "முடியாது."

என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கில்பர்ட்டின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் புள்ள? கனமெல்லாம் இருக்காது. எட்டுப் பேர் புடிப்பாங்க."

"கனத்துக்காக இல்ல. எங்க ஊர்ல சொந்தக்காரங்க பெட்டியத் தொட மாட்டாங்க. தொட்டா அடுத்த சாவும் அந்த வீட்டுலதான்னு சொல்வாங்க. அதெல்லாம் நெசமோ பொய்யோ, நான் தொட மாட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா போனப்ப நானும் தம்பியும் கையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பின்னாலதான் நடந்தோம். தூக்கினவங்க எல்லாம் வெளியாளுங்க. கூட வேலை பாத்தவங்க, தெருக்காரங்க. வீட்டு மனுஷங்க அழுவாங்க, வெளி மனுஷங்க தூக்குவாங்க. நீங்கதான் எல்லாத்தையும் தலைகீழாப் பண்றீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் மோரக் பக்கத்துல நின்னு அழுவேன். கயிறெல்லாம் எனக்கு வேணாம். கயித்த..." சுற்றுமுற்றும் பார்த்தவள் கதவருகே என்னைப் பார்த்தாள். "மிஸ்டர் இம்லாக் கையில குடுங்க. அவருக்கு அது சரியா இருக்கும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜெசியை அடக்கம் செய்த அன்றைக்குப் பிறகு கில்பர்ட்டின் கண் நனைந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அவளுடைய தலையை ஒரு முறை தொட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"கேட்டியா? ரெண்டு உனக்கு. சந்தோஷமா?"

"சந்தோஷம்."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலியே."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என் ஏட்டின்படி நான் அவனுக்கு மகளுக்கு அடுத்த ஆள். அவள் ஏட்டின்படி நான் பெட்டி இறக்க வந்த தெருக்காரன், அவள் உள்ளே நின்று அழும் பெண். எழுபத்தாறு வருடத்தை அவள் தரையில் உட்கார்ந்தபடியே, பீட்ரூட் கையோடு, ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டாள். எனக்கும் கயிறு வேண்டாம், நானும் அழுகிறேன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். கில்பர்ட் முதலில் சிரித்திருப்பான்.

அட்டையை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஏட்டை எடுத்துவந்து, இரண்டாம் எண்ணுக்கு எதிரே இருந்த பெயரை ஒரே கோட்டால் அடித்து, ஹெக்டர் இம்லாக் என்று எழுதி, அடித்ததற்குப் பக்கத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட்டேன். ஐந்தாம் எண்ணுக்கு மேவிஸின் புருஷனைப் போடச் சொன்னான் கில்பர்ட். அவன் கையும் இரும்பு என்றான்.

ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. செப்டம்பர் 26, வியாழக்கிழமை பிற்பகல் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நியோலே.

"அஞ்சு மணிக்கு அங்க வாங்க. சாப்பாடு."

"எதுக்கு?"

"தூக்கறவங்களுக்குச் சாவு வீட்டுல சாப்பாடு போடணும். எங்க வழக்கம்."

"அது ஆள் செத்ததுக்கப்புறம்தானே?"

"முன்னாடியே அட்டை குடுத்தது யாரு?"

ஐந்து மணிக்குப் போனேன். வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவை. மேசை நடுவில் பெரிய இரும்புத் தட்டு. உருளைக்கிழங்கைத் துருவி, முட்டையும் பாலும் சேர்த்து, சேற்றில் புரளும் ஒரு நான்குகால் பிராணியின் கொழுப்பு வறுவலைப் போட்டு, மேல்பக்கம் முறுகும் வரை அடுப்புக்குள் வைத்துச் சுட்டிருந்தாள். அந்தப் பிராணியின் பெயரைப் படகுக்காரன் வீட்டில் சொல்வதில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. ஓரம் பொன் நிறத்தில் மொறுமொறுவென்று இருந்தது. வாசனை வாசலிலேயே வந்து பிடித்துக்கொண்டது.

நியோலே கத்தியால் வெட்டினாள். மீன் வெட்டும் அதே வேகம். முதல் துண்டு என் தட்டில் விழுந்தது. ஓரத்து முறுகல் இரண்டு பக்கமும் இருந்த மூலைத் துண்டு. அதன் மேல் இரண்டு கரண்டி புளித்த பாலேடு. அடுத்த துண்டு கில்பர்ட்டுக்கு. நடுவிலிருந்து, முறுகல் இல்லாமல், என் துண்டில் பாதிகூட இல்லை.

கில்பர்ட் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவனுக்கு ஏன் பெரிசு?"

"எறக்கறவருக்குத் தெம்பு வேணும். தோளு வேற சரியில்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு அது போதும். நீங்க கனம் ஏத்திக்கிட்டா அவர் பாடு திண்டாட்டம்."

"இந்த வீடு என்னோடது, தெரியுமில்ல? உருளைக்கிழங்கு என் தோட்டத்துது."

"சாப்பிடுங்க, ஆறிடும்."

"அந்த மூலையையாவது கொஞ்சம் உடைச்சுக் குடுடா, ஹெக்டர்."

"அது கால்மாட்டுக்காரனுக்கு வச்சது" என்றேன்.

நியோலே எங்கள் இருவருக்கும் தண்ணீர் ஊற்றினாள். எனக்குத்தான் முதலில் ஊற்றினாள். சாப்பாடு மிக நன்றாக இருந்தது, உப்பு அளவாக இருந்தது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் எழுதுகிறேன். கில்பர்ட் தன் துண்டை நான்கு வாயில் முடித்துவிட்டு, முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடம் ஏழு மாதம் நான் அவன் தட்டை எப்படிப் பார்த்தேனோ, அப்படி.

நான் அவசரப்படாமல் சாப்பிட்டேன்.